சிவப்பு என்றால் இங்கே, வெள்ளை என்றால் வேலூர்

சங்கரி உட்கார்ந்து பார்த்தவர்கள் கொல்கத்தாவின் டாக்குரியா மார்க்கெட்டில் அதிகம் பேர் இல்லை. கடையில் ஒரு முக்காலி கிடக்கிறது, அதன்மேல் எப்போதும் கருவேப்பிலைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கும். அவள் நிற்பாள், நடப்பாள், ரோட்டை எட்டிப் பார்ப்பாள், மாவு வாளியின் மூடியைத் தேவையில்லாமல் திறந்து மூடுவாள். யாரும் கேட்காமலே ஒரு வங்காளி அம்மாவுக்குச் சாம்பார் வைக்கும் முறையைச் சொல்ல ஆரம்பிப்பாள். பருப்பு வேகும் கட்டத்திலேயே பேச்சை விட்டுவிட்டு, வீட்டில் கேஸை அணைத்தோமா என்று கணவருக்குப் போன் செய்வாள். அணைத்தாயிற்று என்று அவர் சொன்னால், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பாள்.

இப்படிப்பட்டவள் எப்படி இத்தனை வருஷம் குடும்பத்தையும் நடத்தி, இட்லி மாவும் முறுக்கும் பொடியும் விற்கிற கடையையும் நடத்தினாள் என்று கேட்டால், அதற்கு ஒரே பதில்தான். பூ.

சங்கரி சாத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவள். அங்கே ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று மனசு இரண்டுபட்டால் பூக் கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எது எதற்கு என்று முதலிலேயே சாமியிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சாமி படத்துக்கு முன்னால் கலைத்துப் போட்டு, விஷயம் தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்ததில் இருப்பதுதான் மாரியாத்தாளின் வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது சங்கரி வீட்டு வழக்கம். ஆத்தாள் வேண்டாம் என்று தள்ளியதை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லையாம். அதை அப்படியே கொண்டுபோய் தண்ணீரிலோ மரத்தடியிலோ விட்டுவிட வேண்டும்.

கொல்கத்தாவுக்கு வந்தபிறகு வழக்கம் ஊருக்குத் தகுந்தபடி கொஞ்சம் வளைந்து கொடுத்தது. சிவப்பு அரளிக்குப் பதிலாக இங்கே காளிக்குச் சாத்துகிற ஜபா, அதாவது நம் செம்பருத்தி. வெள்ளைக்கு டகர் என்று இவர்கள் சொல்கிற நந்தியாவட்டை. முழுச் செம்பருத்தியை வைத்தால் பொட்டலம் புடைத்துக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும். அதனால் இதழ்களை மட்டும் பிய்த்து வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டுவாள். எடுத்துக் கொடுக்க முதலில் மகன் விக்ரம் இருந்தான். அவனுக்கு விவரம் வந்து, “எது வேணும்னு சொல்லும்மா, அதையே எடுக்கிறேன்” என்று பேரம் பேசத் தொடங்கிய பிறகு அந்த வேலை கீழ்வீட்டுப் பூர்ணிமா மாசிமாவுக்குப் போனது. மாசிமா என்றால் இங்கே பெரியம்மா மாதிரி. எழுபது தாண்டிய வங்காளி. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. விஷயம் தெரியாத ஆள் வேண்டும் என்றால் அவரை விட்டால் வேறு யார்? தென்னாட்டில் ஏதோ லாட்டரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாசிமா மாடி ஏறி வருவார், ஒன்றை எடுத்துக் கொடுப்பார், ஜெயித்தோமா என்று கேட்டுவிட்டு முறுக்கு வாங்கிக்கொண்டு இறங்குவார்.

கடையை எங்கே போடுவது, விக்ரமை எந்தப் படிப்பில் சேர்ப்பது, பெரிய கிரைண்டர் வாங்கலாமா, டாலிகஞ்சில் வீடு பார்க்கலாமா வேண்டாமா, எல்லாம் பூ சொன்னதுதான். பூ சொன்னபிறகு அந்த விஷயத்தைப் பற்றிச் சங்கரி மறுபேச்சுப் பேச மாட்டாள். அடுத்த கவலை வரும் வரைக்கும் வீடு நிம்மதியாக இருக்கும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர் பன்னீர்செல்வத்துக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே ஆத்தாள் மேல் நல்ல மதிப்பு. மற்றபடி அவர் சாமி கும்பிடுகிற ஆளும் இல்லை, கும்பிடுகிறவர்களை வம்புக்கு இழுக்கிற ஆளும் இல்லை.

இந்த வீட்டுக்குள் ஸ்மிதா நுழைந்தது மாவு வழியாக. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். மனிதர்கள் ஏன் நம்புகிறார்கள், சடங்கு செய்யும்போது மனசும் உடம்பும் என்ன பாடுபடுகின்றன என்பது அவளுடைய பாடம். இட்லி மாவு வாங்க வந்த இடத்தில், மிளகாய் வாங்குகிற வியாபாரியை மாற்றுவதா வேண்டாமா என்று சங்கரி பூக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டாள். அடுத்த முறை கட்டும்போது இந்தப் பட்டையைக் கையில் போட்டுக்கொள்ள முடியுமா காகிமா என்று வங்காளத்தில் கெஞ்சினாள். காகிமா என்றால் சித்தி. கைக்கடிகாரம் மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. நாடித் துடிப்பைப் பதிவு செய்யுமாம்.

சங்கரிக்குச் சுருக்கென்றது. “ஆத்தாவுக்கே டெஸ்ட் வைக்கப் போறியா?”

“ஆத்தாவுக்கு இல்ல காகிமா. உங்களுக்கு.”

அப்படியானால் சரி என்றாள் சங்கரி. தன் நெஞ்சு ஏன் இப்படி ஓயாமல் அடித்துக்கொள்கிறது என்று அவளுக்கே தெரிந்துகொள்ள ஆசைதான். அந்த வருஷம் முழுக்க எப்போதெல்லாம் பூக் கட்டினாளோ அப்போதெல்லாம் பட்டையைப் போட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்மிதா மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். பன்னீர்செல்வம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரையில் மேலும் கீழுமாக ஓடிய ஒரு கோட்டைக் காட்டி ஸ்மிதா சொன்னாள்: “உங்க படபடப்பு எப்ப அடங்குது தெரியுமா காகிமா? பதில் வந்தபிறகு இல்ல. மாசிமா கை வைக்கிறதுக்கு முன்னாடியே அடங்கிடுது. ரெண்டாவது பொட்டலத்துக்கு முடிச்சுப் போட்டதும் கோடு கீழ இறங்குது பாருங்க.”

“அதெப்படி? அப்ப எனக்குப் பதிலே தெரியாதே.”

“அதான் விஷயம். ஒரே ஆளை வச்சு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது, நிறையப் பேர்கிட்ட பார்க்கணும். ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. முடிவு இனி நம்ம கையில இல்லைன்னு உங்க மனசுக்குத் தெரிஞ்சிடுது. நிம்மதி அதுலதான் வருது. பதில் எதுங்கிறது அப்புறம்.”

“அப்ப ஆத்தா சொல்றது?”

ஸ்மிதா நேர்மையான பெண். “அது என் பட்டையில பதிவாகாது காகிமா” என்றாள்.

பன்னீர்செல்வம் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப பொட்டலத்துக்குள்ள எது இருந்தாலும் இவளுக்கு நிம்மதி வந்திடுமா?” என்று கேட்டார். அப்படித்தான் நினைக்கிறேன் என்றாள் ஸ்மிதா. அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார்.

துர்கா பூஜை முடிந்து ஊர் கொஞ்சம் அடங்கிய சமயத்தில், டாக்குரியா ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பன்னீர்செல்வம் பாதியில் நின்றார். மூச்சு வாங்கியது, இடது தோள் வலித்தது. பரிசோதனை செய்தார்கள். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். இங்கேயே செய்துகொள்ளலாம், நீண்ட பயணம் இப்போது நல்லதல்ல என்றும் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனிதர். “ஆனால் முடிவு உங்களுடையது” என்று பெரிய மனசோடு ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். சங்கரி கெட்டது அந்த வாக்கியத்தில்.

ஏனென்றால் கொல்கத்தாவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறுவார்கள். பூர்ணிமா மாசிமாவுக்கு இதைக் கேட்டதிலிருந்து பொறுக்கவில்லை. வங்காளத்தில் பொரிந்து தள்ளினார். “எங்க வீட்டுக்காரர் தம்பிக்கு வேலூர்லதான் நெஞ்சைத் திறந்தாங்க. மனுஷன் இட்லி சாப்பிடக் கத்துக்கிட்டுத் திரும்பி வந்தான். நாங்க எல்லாம் உன் தேசத்துக்குப் போறோம், நீ இங்க கிடந்து அறுத்துக்கப் போறியா?” புனேயிலிருந்து விக்ரம் போன் செய்து, எங்கே என்றாலும் சீக்கிரம் சொல்லும்மா, லீவு போடணும் என்றான். ஊரிலிருந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். பன்னீர்செல்வம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், நீ சொல்லு என்பார்.

சிவப்பு என்றால் இங்கே, வெள்ளை என்றால் வேலூர். ஆத்தாளிடம் சொல்லிவிட்டுச் சங்கரி முதல் தடவை கட்டினாள். வெள்ளை வந்தது. உடனே ரயில் பார்க்க உட்கார்ந்தாள். ஒரு பகல், ஒரு இரவு, அதற்கு மேலும் போகிற பயணம். நடுவழியில் நெஞ்சு வலித்தால்? ஒரிசாவில் ஏதோ ஒரு காட்டு ஸ்டேஷனில் இவரை இறக்கிப் போட்டுவிட்டு நின்றால்? அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, மாசிமா இடது கையால் எடுத்திருந்தார். அது செல்லாது.

இரண்டாம் தடவை சிவப்பு. அன்று மாலையே கடைக்கு வந்த ஒருவர், இங்கே ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பி வராத தன் சித்தப்பாவைப் பற்றி விஸ்தாரமாகச் சொன்னார். யோசித்துப் பார்த்தால், அன்றைய பூவைப் பூக்காரன் மார்க்கெட்டில் வாடிய குவியலிலிருந்து அல்லவா எடுத்துக் கொடுத்தான்? ஆத்தாளுக்கு முன்னால் வாடிய பூவை வைக்கலாமா? அதுவும் செல்லாது. மூன்றாம் தடவை வெள்ளை. அதற்கு என்ன குற்றம் கண்டுபிடிப்பது என்று அவள் இன்னும் யோசிக்கவில்லை, ஆனால் யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த மூன்றாம் தடவை ஸ்மிதா பக்கத்தில் இருந்தாள். பட்டையைப் பற்றி அவளாகப் பேச்செடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு இங்கிதம் தெரியும். சங்கரிதான் வாங்கிக் கையில் கட்டிக்கொண்டாள். நிம்மதி எப்போது வரும் என்று அதுவாவது சொல்லட்டுமே என்ற நினைப்பு. கோடு இறங்கவே இல்லை. முதல் முடிச்சில் இல்லை, இரண்டாவதில் இல்லை, மாசிமா எடுத்தபிறகும் இல்லை. சங்கரி பட்டையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

“நீ சொன்னதுலேருந்துதான் இப்படி. முடிச்சுப் போடும்போது நெஞ்சு அடங்குதா, அடங்குதான்னு நானே பாத்துக்கிட்டு இருக்கேன். பாத்துக்கிட்டே இருந்தா எப்படி அடங்கும்? என்கிட்ட அதை ஏன் சொன்ன நீ?”

ஸ்மிதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் படித்த படிப்பில் இதற்குப் பதில் இருந்திருக்கலாம். பதில் சொல்கிற நேரம் இதுவல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “தப்புதான் காகிமா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு சங்கரியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போவாள். பால்கனியிலிருந்து கீழே இறங்கி மாசிமாவிடம் அதே வேலூர்க் கதையை மறுபடி கேட்பாள். மேலே வந்து கணவரின் முகத்தைப் பார்ப்பாள். வலிக்கிறதா என்பாள். இல்லை என்பார். பொய் சொல்கிறீர்களா என்பாள். கடைக்குப் போனால் மாவுக்கு உப்புப் போட்டோமா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டுவிட்டு மொத்தத்தையும் கொட்டினாள். டாக்டரோ தேதி கேட்டுப் போன் மேல் போன். ஒருவரை இழந்துவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம். தன்னால் இழந்துவிடுவோமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அவளை அதிகம் அரித்தது, அதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் காலையில் பன்னீர்செல்வம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“பூ எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“நான் கட்டுறேன். நீ கட்டினா எது எதுன்னு உன் கைக்குத் தெரிஞ்சிடுது, அதான் உனக்கு நம்பிக்கை வர மாட்டேங்குது. நீ அந்தப் பக்கம் போய் நில்லு.”

முப்பது வருஷமாக அந்தப் பொட்டலங்களைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர். சங்கரிக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. சொல்லப்போனால் அது ஆத்தாளே அவர் வாயில் வந்து பேசியது மாதிரிப் பட்டது. பால்கனியில் போய் நின்றுகொண்டாள். சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டு அவர் நாரோடு மல்லுக்கட்டுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கோணல் முடிச்சுப் போட்ட இரண்டு பொட்டலங்கள் மாரியாத்தாள் படத்துக்கு முன்னால் இருந்தன. பூர்ணிமா மாசிமா வந்தார், வலது கையால்தான் எடுக்க வேண்டும் என்று சைகையிலும் வங்காளத்திலும் இரண்டு தடவை எச்சரிக்கப்பட்டார், எடுத்தார். சிவப்பு.

சங்கரி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதி அழுகை அது. அன்று மத்தியானம் வயிறாரச் சோறு சாப்பிட்டாள். விக்ரமுக்குப் போன் செய்து, நேராகக் கொல்கத்தாவுக்கு வந்துவிடு, ஆத்தா சொல்லிட்டா என்றாள். டாக்டரிடம் அவளே பேசினாள். அடுத்த நாள் அட்மிஷன், அதற்கு அடுத்த நாள் காலையில் ஆபரேஷன், அன்று விடிவதற்குள் விக்ரம் வந்து சேர்வான் என்று எல்லாம் மளமளவென்று முடிவாயிற்று.

பைபாஸ் ரோட்டில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் காலையில் பன்னீர்செல்வத்தைச் சேர்த்தார்கள். மத்தியானம் யாரையும் உள்ளே விட மாட்டார்கள், நாலு மணிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். சங்கரி ஆட்டோ பிடித்து டாக்குரியா ஏரிக்கு வந்தாள். எடுக்காத பொட்டலம் கைப்பையில் இருந்தது. அதை விட்டுவிட்டால் காரியம் முறைப்படி முடிந்துவிடும். ஏரித் தண்ணீரில் பூவைப் போட இப்போதெல்லாம் அனுமதி இல்லை, காவலாளி பார்த்தால் விசில் ஊதுவார். அதனால் கரையோரம் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வருவதுதான் அவள் பழக்கம்.

பைக்குள் கையை விட்டாள். தண்ணீர் பாட்டிலுக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பொட்டலம் நசுங்கியிருந்தது. வாழையிலை ஓரத்தில் கிழிந்திருந்தது. எடுத்தபோது விரலெல்லாம் வழவழவென்று ஆனது.

சங்கரி விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். கசங்கிய செம்பருத்தி இதழ்தான் அப்படிக் குழகுழவென்று விடும். சின்ன வயதிலிருந்து செம்பருத்தியை அரைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தவளுக்கு அந்த வழவழப்புத் தெரியாதா? நந்தியாவட்டையை என்னதான் கசக்கினாலும் அப்படி ஆகாது. எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. அப்படியென்றால் இதில் வெள்ளை அல்லவா இருக்க வேண்டும்?

பிரிக்கக் கூடாது. அவள் அம்மா பிரித்ததில்லை, இவளும் இதுவரை பிரித்ததில்லை. நின்றுகொண்டு யோசித்தாள், மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், மறுபடி நின்றாள். பிறகு நாரை இழுத்துவிட்டாள்.

உள்ளே சிவப்பு.

முதலில் வந்தது கோபம். கண்மண் தெரியாத கோபம். அதன்பின்னால் வந்ததுதான் மோசமானது. ஆத்தாள் ஒன்றுமே சொல்லவில்லை. வேலூர் என்றும் சொல்லவில்லை, இங்கே என்றும் சொல்லவில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்ட சோறு, அழுத அழுகை, விக்ரமிடம் சொன்ன வார்த்தை எதற்கும் அடியில் ஒன்றும் இல்லை. ஆபரேஷன் நாளைக் காலையில். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள், இன்னும் நேரம் இருக்கிறது. அந்த இருக்கிற நேரம்தான் அவள் கழுத்தை நெரித்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது டிரைவரிடம், இதைவிட வேகமாகப் போகாதா என்று கேட்டாள், வேகமாகப் போனபோது மெதுவாகப் போ என்றாள். அவர் இவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேசாமல் ஓட்டினார்.

வார்டில் ஆறு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் பன்னீர்செல்வம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“பிரிச்சுட்டியா?”

“ரெண்டும் சிவப்பு.”

“ஆமா.”

“ஆத்தா பேரால பொய் சொல்லியிருக்கீங்க.” குரலை அடக்கித்தான் பேசினாள். அப்படியும் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். “என்னைய ஒரு பைத்தியக்காரின்னு நினைச்சுட்டீங்கல்ல? எது வச்சாலும் நம்பிருவா, கும்பிட்டுட்டுச் சோத்தைத் தின்னுட்டுக் கிடப்பான்னு.”

“உக்காரு.”

“உக்கார மாட்டேன்.”

“சரி, நின்னுக்கிட்டே கேளு.” அவர் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு பேசினார். “இன்னும் எத்தனை தடவை கட்டுவ நீ? வெள்ளை வந்தா வெள்ளைக்கு ஒரு குத்தம், சிவப்பு வந்தா சிவப்புக்கு ஒரு குத்தம். ஆத்தாளே நேர்ல வந்து சொன்னாலும் எந்தக் கையை நீட்டிச் சொன்னான்னு பார்ப்ப. அதுவரைக்கும் என் நெஞ்சு நிக்கணும்ல?”

சங்கரி கைப்பையைக் கட்டில்மேல் வைத்தாள்.

“அன்னிக்கு அந்தப் பொண்ணு ஸ்மிதா சொன்னா பாரு, முடிவு கையை விட்டுப் போனா நிம்மதி வருதுன்னு. அது சரிதான். ஆனா எனக்கு அதுக்கு மேல ஒண்ணு தோணுச்சு. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னு வையி. ஆத்தா சொல்லித்தான் செஞ்சோம்னா நீ ஆத்தாகூடச் சண்டை போடலாம். ஒரு வருஷம் விளக்கு ஏத்தாம இருக்கலாம். படத்தைத் திருப்பி வைக்கலாம். அவ தாங்குவா. நீயே சொல்லிச் செஞ்சேன்னா நீ உன்கூடத்தான் சண்டை போடுவ. காலையில எந்திரிச்சதுலேருந்து படுக்கிற வரைக்கும் போடுவ. நீ தாங்க மாட்ட, சங்கரி. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“இப்பத்தான் தெரிஞ்சு போச்சே எனக்கு. இனிமே நான் யார்கூடச் சண்டை போட?”

“என்கூடப் போடு. ஏமாத்தினது நான்தானே.”

“நீங்க இருந்தாத்தானே போட முடியும்” என்றாள் சங்கரி.

எல்லாவற்றையும் யோசித்து ஏற்பாடு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர் இதை யோசிக்கவில்லை. திடீரென்று ரொம்ப வயதானவராகத் தெரிந்தார். சங்கரி அவரைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் பூவைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், ரயில் நேரத்தைப் பார்த்தாள். இந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள் போலிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உதடு வறண்டிருந்தது.

“உண்மையைச் சொல்லுங்க. படிக்கட்டு ஏறினா மட்டும்தான் வலிக்குதா?”

அவர் போர்வையின் ஓரத்தை மடித்தார். “படுத்தாலும் வலிக்குது. ஒரு வாரமா.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ இன்னும் வேகமாச் சுத்துவ.”

அவள் வெளியே பார்த்தாள். கீழே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. படுத்தால் வலிக்கிற நெஞ்சை ரயிலில் ஏற்ற முடியாது. இது டாக்டர் முதல் நாளே சொன்னதுதான். இந்த மனிதருக்கும் தெரிந்ததுதான். தனக்கும் தெரிந்திருந்தது என்று இப்போது தெரிந்தது. தெரிந்ததைத் தன் வாயால் சொல்ல பயந்துகொண்டுதான் இத்தனை பூவைப் பிய்த்துப் போட்டிருக்கிறாள். நெஞ்சு அடித்த அடியில் பட்டை எதுவும் இல்லாமலே பக்கத்துக் கட்டில் வரைக்கும் கேட்டிருக்கும்.

“இங்கேயே செஞ்சுக்கலாம்” என்றாள். “ஆத்தா சொல்லல. நீங்களும் சொல்லல. நான் சொல்றேன்.”

“சங்கரி, வேணாம், நான்தான்…”

“நான்தான் சொல்றேன். என்ன ஆனாலும் நான் சொன்னதாவே இருக்கட்டும்.”

பன்னீர்செல்வம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் படியில் நின்ற நாளிலிருந்து டாக்டர் முன்னாலும் மகனிடமும் ஒரு வார்த்தை பயம் என்று சொல்லாதவர். இவள் ஆடின ஆட்டத்தில் தான் ஆடாமல் இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர். கையை நீட்டினார். சங்கரி பிடித்தபோது கை சில்லென்று இருந்தது.

“எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

“எனக்கும்தான்.”

நேரம் முடிந்துவிட்டது, வெளி ஆட்கள் எல்லோரும் கிளம்புங்கள் என்று நர்ஸ் வங்காளத்தில் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இவர்களிடமும் வந்து சொன்னாள். கொஞ்சம் நின்று மறுபடியும் நிதானமாகச் சொன்னாள். வங்காளத்திலேயே பேரம் பேசி, வங்காளத்திலேயே சண்டை போட்டு இந்த ஊரில் பாதி ஆயுளைக் கழித்த இரண்டு பேரும், ஒரு வார்த்தை புரியாதவர்கள் மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை விடாமல் இருந்தார்கள்.